தம் கட்டாதே

புதுச்சேரி முகத்துவாரத்தைத் தாண்டிப் படகு கிழக்கே திரும்பியபோது காலை ஆறே முக்கால். மார்ச் மாதம். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவம் இன்னும் எட்டிப் பார்க்காத நாட்களில் வங்கக் கடல் சில வாரங்கள் சாதுவாக இருக்கும். ஸ்கூபா கற்றுத்தருபவர்கள் இந்த வாரங்களுக்காகத்தான் காத்திருப்பார்கள். படகில் பத்துப் பேர் இருந்தோம். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஐவர்: சென்னை மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள், ஒரு வங்கி ஊழியர், ஒரு தந்தை, கல்லூரி முதலாண்டு படிக்கும் அவர் மகள். வகுப்புப் பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் முடித்திருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் கடலில் நான்கு முறை மூழ்கி எழுந்தால் 18 மீட்டர் ஆழம் வரை போக அனுமதிக்கும் முதல்நிலைச் சான்றிதழ் கிடைத்துவிடும்.

கரை மறையத் தொடங்கியதும் பயிற்சியாளர் சிலிண்டர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ளே போனதும் நான் சொல்லிக்கொடுத்ததுல முக்கால்வாசி மறந்துபோயிடும். பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணு மறக்கக் கூடாது. என்ன அது?"

"மூச்சை நிறுத்தக் கூடாது," என்றார்கள் ஐந்து பேரும் சேர்ந்து.

"தம் கட்டவே கூடாது. பயந்தாலும் சரி, தண்ணி குடிச்சாலும் சரி, வாயிலேர்ந்து ரெகுலேட்டர் கழண்டுபோனாலும் சரி. உள்ள இழுக்க முடியலையா, கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டுக்கிட்டே இரு."

பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்த படகோட்டிக்கு இந்தப் பேச்சு ஒவ்வொரு வாரமும் கேட்டுப் பழகியதுதான். ஆனாலும் அன்று வாய் திறந்தார். தூத்துக்குடிக்காரர், பெண் எடுத்த ஊரில் தங்கிவிட்டவர்.

"எங்க தாத்தா தம் கட்டித்தான் முத்து எடுத்தாரு, தம்பி. எங்கப்பா தம் கட்டித்தான் சங்கு எடுத்தாரு. எவ்வளவு நேரம் கட்டுறியோ அவ்வளவு சோறு. நீங்க என்னடான்னா கட்டாதேங்குறீங்க."

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு, "அண்ணே, உங்க தாத்தா சொன்னதும் சரி, நான் சொல்றதும் சரி," என்று சொல்லிவிட்டு எழுந்து நங்கூரக் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பதிலுக்குள் இருக்கும் இயற்பியலை அந்த இரண்டு நாளும் ஒவ்வொன்றாகக் கண்முன்னே பார்த்தேன். கடலில் மனிதன் உயிரோடு இருப்பது எப்படி என்ற கேள்வி முழுவதும் அதற்குள் அடக்கம்.

முதலில் தாத்தாவின் கணக்கைப் பார்ப்போம். நம் தலைக்கு மேல் நிற்கும் காற்று மண்டலம் முழுவதும் சேர்ந்து நம்மை அழுத்தும் அளவை ஒரு வளிமண்டல அழுத்தம் என்கிறோம். கடல்நீர் காற்றைவிடப் பல நூறு மடங்கு கனமானது. ஆகையால் வெறும் 10 மீட்டர் நீரே இன்னொரு வளிமண்டலத்துக்குச் சமமாக அழுத்துகிறது. பத்து மீட்டரில் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை பங்காகக் காற்றின் பருமன் சுருங்கும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்தார். பள்ளிக்கூடத்தில் பாயில் விதி என்று படித்தது இதுதான்.

முத்துக்குளிப்பவர் படகில் நின்றபடி நெஞ்சு நிறைய மூச்சிழுக்கிறார். நுரையீரலில் ஆறு லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். கல்லில் கால் வைத்து, அதன் கனத்தில் பத்து மீட்டர் இறங்குகிறார். நெஞ்சுக்கூடும் உதரவிதானமும் அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்க, ஆறு லிட்டர் மூன்று லிட்டராகச் சுருங்குகிறது. ஒரு நிமிடம், சற்றுக் கூடுதலாக, சிப்பிகளைக் கூடையில் சேர்க்கிறார். கயிற்றை ஆட்டுகிறார். மேலே இருப்பவர் இழுக்கிறார். ("கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருப்பான். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்ல," என்றார் படகோட்டி.) ஏறும்போது சுருங்கிய மூன்று லிட்டர் மறுபடி விரிந்து ஆறாகிறது. கொண்டுபோன காற்றுதான் திரும்பி வருகிறது. அதற்கு மேல் ஒரு துளி இல்லை. நுரையீரல் புறப்பட்ட அளவுக்கே வந்து நிற்கும், மிஞ்சாது. எனவே எவ்வளவு நேரம் தம் கட்டினாலும் நெஞ்சு வெடிக்கும் ஆபத்து அவருக்குக் கிடையாது. அவருக்கிருந்த ஆபத்துகள் வேறு: சுறா, மயக்கம், கிழிந்துபோகும் செவிப்பறை.

பயிற்சியாளரின் கணக்கு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. அங்கே போவதற்கு முன் ஒரு சினிமாக் காட்சியைக் கடந்துபோக வேண்டும். துரத்தி வரும் ஆட்களிடமிருந்து தப்பக் கதாநாயகன் குளத்தில் குதித்து, நாணல் தண்டை வாயில் வைத்து, அடியில் உட்கார்ந்து மூச்சு விடுகிற காட்சியைச் சிறுவயதில் பார்க்காதவர்கள் குறைவு. தலை நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சாண் ஆழத்தில் இருக்கும்வரை அது நடக்கும். நெஞ்சு ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போனால் நடக்காது. நீர் நெஞ்சை வெளியிலிருந்து அமுக்குகிறது. தண்டுவழியே வருவதோ கரைமேல் இருக்கும் அழுத்தக் குறைவான காற்று. மூச்சிழுக்கும் தசைகள் முழுப்பலத்தோடு இழுத்தால்கூடச் சுமார் ஒரு மீட்டர் நீர் உயரத்தின் அழுத்தத்தைத்தான் எதிர்கொள்ள முடியும். அதுவும் ஓரிரு மூச்சுக்கு. பத்து மீட்டர் நீளக் குழாய் என்பது கனவிலும் ஆகாது.

நீருக்கடியில் மூச்சுவிட ஒரே வழி, சுற்றியிருக்கும் நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்று வாய்க்கு வந்து சேர்வதுதான். ஐந்து மீட்டரில் ஐந்து மீட்டருக்குரிய அழுத்தம், ஆறில் ஆறுக்குரியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அளந்து கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் கருவி போர்க்காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் கார்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் வால்வு ஒன்றை ஏர் லிக்கீட் நிறுவனத்துப் பொறியாளர் எமில் கன்யான் வடிவமைத்திருந்தார். நீருக்கடியில் சுதந்திரமாக நீந்தும் வழியைத் தேடிக்கொண்டிருந்த கடற்படை அதிகாரி ழாக் குஸ்தோ 1942இன் இறுதியில் அவரைத் தேடிப் பாரிசுக்கு வந்தார். எஞ்சினுக்குப் பதில் மனித நுரையீரல். அவ்வளவுதான் மாற்றம்.

முதல் சோதனையை மார்ன் ஆற்றின் குளிர்நீரில் செய்தார்கள். படுத்து நீந்தும்போது அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. மூச்சு வெளியேறும் வால்வும் உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் ரப்பர் சவ்வும் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. ஒரு சாண் உயர வித்தியாசம். அந்த ஒரு சாண் நீரின் அழுத்தமே கருவியைக் குழப்பப் போதுமானதாக இருந்தது. இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. 1943 கோடையில் குஸ்தோ மத்தியதரைக் கடலில் மீனைப் போல நீந்தினார். இன்று ஸ்கூபா கற்பவர் வாயில் கவ்வும் ரெகுலேட்டர் அந்த வால்வின் வழித்தோன்றல்.

நங்கூரம் இறங்கியிருந்த இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் கட்டைகளைப் போட்டு உண்டாக்கிய செயற்கைப் பாறைத்திட்டு அடியில் கிடந்தது. தந்தைக்கு இரவிலிருந்து ஜலதோஷம். பயிற்சியாளர் அவர் மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார். ஒரு காது திறக்கவில்லை. "சார், இன்னிக்கு நீங்க படகுலயே இருங்க," என்று தயங்காமல் சொல்லிவிட்டார். முகம் வாடினாலும் அது சரியான முடிவு. நடுக்காதில் அடைபட்ட காற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. சளி அடைத்தால் அது திறக்காது. வெளியே அழுத்தம் ஏற ஏறச் செவிப்பறை உள்நோக்கி வளையும். இறங்குபவர்கள் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் குழாயைத் திறந்துகொள்கிறார்களே, அந்தச் செயலுக்கு அந்தோனியோ வல்சால்வா என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். காதைப் பற்றிய நூலை அவர் வெளியிட்டது 1704இல். வலி வந்த பிறகு ஊதிப் பயனில்லை. வலிக்கு முன்பே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஊத வேண்டும்.

மற்ற நால்வரும் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். நான் சற்றுத் தள்ளி, அவர்கள் மட்டத்திலேயே இறங்கினேன்.

முதல் முறை கடலுக்குள் மூச்சுவிடுபவரின் கண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சலிப்பதே இல்லை. மாஸ்க் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் அகன்றிருக்கும். நீரும் காற்றும் ஒளியை வெவ்வேறாக வளைப்பதால், எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். கயிற்றைப் பிடிக்க நீட்டிய கை காற்றைப் பிடிப்பதுபோல் நீரைப் பிடித்துவிட்டுத் தடுமாறும். வங்கி ஊழியரின் சிவப்பு ஃபின் எட்டு மீட்டரில் பழுப்பாகிவிட்டது, ஏனென்றால் வெள்ளொளியில் நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகத்தில் பாய்வதால் இரண்டு காதுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. தூரத்துப் படகின் எஞ்சின் தலைக்குள்ளேயே ஓடுவதுபோல் இருக்கும். கண், காது, கை மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும் இடம் அது. பழகிய ஒன்றாக மிஞ்சுவது மூச்சு மட்டும்தான்.

அந்த மூச்சும் அங்கே வேறாகிவிடுகிறது. ஒவ்வொருவர் முதுகிலும் 12 லிட்டர் சிலிண்டர். அதற்குள் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று. கரையில் விரித்தால் 2400 லிட்டர், எடை ஏறத்தாழ 3 கிலோ. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குக் கரையில் இரண்டு மணி நேரம் தாங்கும். பத்து மீட்டரில் அதே நெஞ்சை நிரப்ப இரண்டு மடங்கு காற்று வேண்டும். ஆகவே ஒரு மணி நேரம். பதினெட்டு மீட்டரில் முக்கால் மணிகூட நீடிக்காது.

பயந்தவர் மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விடுவார். தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் எப்போதும் சுமார் 150 மில்லிலிட்டர் பழைய காற்று நிற்கிறது. நுரையீரலின் நுண்ணறைகளுக்கு முதலில் போவது அதுதான். அரை லிட்டர் இழுத்தால் மூன்றரைப் பங்கு புதிது, ஒன்றரைப் பங்கு பழையது. முந்நூறு மில்லிலிட்டர் மட்டும் இழுத்தால் பாதிக்குப் பாதி பழையது. கரியமில வாயு வெளியேறாமல் தேங்கும். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை மூளைக்குள் எழுப்புவது ஆக்சிஜன் குறைவு என்று பலரும் நினைக்கிறோம். முதன்மையாக அதை எழுப்புவது இந்தக் கரியமில வாயுதான். முதுகில் 2400 லிட்டர் இருக்க, காற்றே இல்லை என்று உடல் அலறும். அலறல் பயத்தைக் கூட்டும். பயம் மூச்சை இன்னும் குறுக்கும்.

அந்தச் சுழலை அன்று காலையே பார்த்தேன். ஆறு மீட்டரில், மணல் தரையில் நால்வரும் முழங்காலிட்டிருந்தார்கள். மாஸ்க்கில் நீரைப் பாதி நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி. மூவர் செய்து முடித்தார்கள். கல்லூரிப் பெண் மாஸ்க்கைத் தளர்த்தியதும் நீர் மளமளவென்று நிறைந்தது. மூக்கால் கொஞ்சம் இழுத்துவிட்டாள். இருமல். கண்ணை இறுக மூடினாள். உதடுகள் ரெகுலேட்டரை அழுத்திப் பிடித்தன. குமிழிகள் நின்றன.

குமிழிகள் நின்றதைத்தான் பயிற்சியாளர் கவனித்தார். அவள் கால்களை உதைத்து மேலே எழும்புவதற்கு அரை நொடி முன்பே அவர் கை அவளது ஜாக்கெட் பட்டையைப் பிடித்துவிட்டது. ஒரு மீட்டர் வரை இருவரும் சேர்ந்தே எழும்பினார்கள். இன்னொரு கையால் அவர் அவளது தொப்புளுக்கு மேலே, உதரவிதானத்துக்கு நேராக, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். வெள்ளைக் குமிழிக் கொத்து ஒன்று வெடித்து வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அவர் தன் வாயருகே விரல்களைக் கொண்டுபோய் மெல்ல வெளியே விரித்துக் காட்டினார்: விடு, விடு, விட்டுக்கிட்டே இரு. ஒரு நிமிடத்தில் அவள் மூச்சு சீரானது. மாஸ்க்கை ஊதிக் காலிசெய்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் கேட்டார். கடலுக்கடியில் அதற்கு "மேலே போகலாமா" என்று பொருள். அவள் தலையசைத்தாள். இருவரும் மெதுவாக மேலேறினார்கள்.

அவள் அந்த அடைத்த மூச்சோடு மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவள் நெஞ்சிலிருந்த ஐந்து லிட்டர் கரையிலிருந்து கொண்டுபோன காற்றல்ல. ஆறு மீட்டர் ஆழத்தில், 1.6 மடங்கு அழுத்தத்தில், சிலிண்டரிலிருந்து வாங்கிய காற்று. நீர்மட்டத்துக்கு வரும்போது அது எட்டு லிட்டராக விரியும். நுரையீரலில் எட்டு லிட்டருக்கு இடம் கிடையாது. சோப்புக்குமிழிச் சுவரைவிடச் சற்றே தடித்த நுண்ணறைகள் கிழியும். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றுப் புகுந்தால் நுரையீரல் சுருண்டுவிடும். ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் குமிழி இதயம் வழியாக மூளைக்கு ஏறி, ரத்த ஓட்டத்தை அடைக்கும். நீர்மட்டத்துக்கு வந்த சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பும். நெஞ்சு முழுக்க நிறைந்திருந்தால் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய ஏற்றம்கூட இதற்குப் போதும். நீச்சல்குளத்தின் ஆழமான முனை போதும் என்று சொன்னாலும் மிகையில்லை. பாயிலின் கணக்கில் இன்னொரு கொடுமையும் உண்டு: முப்பதிலிருந்து இருபது மீட்டருக்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது, கடைசிப் பத்து மீட்டரிலோ இரண்டு மடங்காகிறது. வெளிச்சம் தெரிகிற, வீடு வந்துவிட்டது என்று மனம் தளர்கிற அந்தக் கடைசிப் பகுதிதான் நுரையீரலுக்கு மிக மோசமான இடம்.

நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பும் பயிற்சியில் மாலுமிகள் இப்படி விழுந்தபோது ஆரம்பத்தில் மருத்துவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் பிதுங்கும் காற்றே காரணம் என்று 1932இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் போலக், ஆடம்ஸ் இருவரும் எழுதினார்கள். தாத்தாவின் விதி தலைகீழான இடம் இதுதான். மேலே வாங்கிய மூச்சைக் கட்டலாம். கீழே வாங்கிய மூச்சைக் கட்டக் கூடாது.

படகில் அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு தந்தையின் அருகே உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. படகோட்டி சுக்குக் காப்பியை ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினார். "பயப்படுறது தப்பில்ல பாப்பா. கடலப் பாத்துப் பயப்படாதவன்தான் திரும்பி வரமாட்டான்." பிறகு அவரே பேச்சை நீட்டினார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. சங்கு நிற்கவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்றும் இறங்குகிறார்கள், ஆனால் தம் கட்டி அல்ல; படகில் கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து நீளக் குழாய் போகும், அதை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருப்பார்கள். "எங்க சின்னம்மா பையனுக்கு இடுப்புக்குக் கீழ வேலை செய்யல. மூணு வருசமாச்சு. காத்து அடிச்சிட்டுதுன்னு சொல்றாங்க."

காற்று அடித்தது என்பது பிழையான சொல்லே அல்ல. அழுத்தத்தில் மூச்சுவிடும்போது காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு கரையும். மெதுவாக ஏறினால் வந்த வழியே நுரையீரலுக்குத் திரும்பி வெளியேறிவிடும். சட்டென்று ஏறினால், கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் நுரைத்தெழுவதுபோல் உடலுக்குள்ளேயே குமிழிடும். மூட்டில் குமிழிட்டால் வலி, முதுகுத்தண்டில் குமிழிட்டால் முடக்கம். பாயிலே இதன் நிழலைப் பார்த்திருக்கிறார்: காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் இருந்த விரியன் பாம்பின் கண்ணில் ஒரு குமிழி நகர்ந்ததை 1670இல் குறித்துவைத்தார். குமிழி நைட்ரஜன்தான் என்று 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர் நிறுவும்வரை, ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் பாலத்துக்கு அடித்தளம் தோண்டிய தொழிலாளர்கள் காரணம் தெரியாமலே முடங்கினார்கள். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கையே 1872இல் அது படுக்கையில் தள்ளியது.

எந்த வேகத்தில் ஏறுவது என்ற விடையை ஆடுகள் தந்தன. பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்து, வெவ்வேறு வேகத்தில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். குமிழி தாக்கிய ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அளந்து சொல்ல அந்த அடையாளம் போதும். உடலின் சில பகுதிகள் ஐந்தே நிமிடத்தில் பாதி நிரம்பும், சில பகுதிகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பிரித்துக் கணக்கிட்டார். 1908இல் பாய்காட், டேமன்ட் இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அட்டவணைகளில்தான் நின்று நின்று ஏறும் முறை பிறந்தது. இன்று பயிற்சிக்கு வருபவர்களின் மணிக்கட்டில் ஓடும் டைவ் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஹால்டேன் காட்டிய வழியிலேதான் கணக்குப் போடுகிறது. ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த அந்தச் சோதனைகளின்போது தன் பதின்மூன்று வயது மகனையும் முக்குளிப்பு உடை மாட்டி இறக்கினார் ஹால்டேன். பெரியவர்களுக்கான உடை, மணிக்கட்டு வழியே நீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சிறுவன்தான் மரபியலில் பெரும்பெயர் பெற்ற ஜே.பி.எஸ். ஹால்டேன். தன் உடலையே அழுத்த அறைகளில் சோதித்து, முதுகெலும்பில் காயம்பட்டவர்; 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இந்த அறிவெல்லாம் சனிக்கிழமை கடல் பார்க்க வரும் நமக்குப் பாடப்புத்தகமாகவும், கைக்கடிகாரம்போன்ற கருவியாகவும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறும் ஒழுங்காகவும் கிடைக்கிறது. பிழைப்புக்காகக் கடலில் இறங்கும் சங்குக்குளியாளுக்குக் கிடைத்தது கம்ப்ரஸரும் குழாயும் மட்டும். தலைமுறை தலைமுறையாகத் தம் கட்டப் பழகிய உடம்பிடம், இந்தக் குழாயில் வரும் காற்று வேறு மாதிரியானது, இதைக் கட்டாதே, இதோடு விரைந்து ஏறாதே என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊர் டைவ் பள்ளிகளும் மீன்வளம் படித்தவர்களும் ஒரு பயிற்சிக் காலத்தையாவது அந்தக் கரைகளில் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மூன்று வருடக் கதையைப் படகோட்டி சொன்ன விதத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடல் இன்னும் தெளிந்திருந்தது. காது திறந்துவிட்டதால் தந்தையும் இறங்கினார். விட்டுப்போனதை அவர் இன்னொரு வாரம் வந்து முடிக்க வேண்டும். மகள் வருவாளா என்று நான் சந்தேகப்பட்டேன். எல்லோருக்கும் முன்பே உடை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்றைய முக்கியப் பாடம் மிதப்பு. இடுப்பில் ஈயக்கட்டிகள், ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று. இரண்டையும் சரிசெய்தபின் ஏறாமலும் இறங்காமலும் அந்தரத்தில் நிற்க வேண்டும். இதிலும் மூச்சுதான் கடிவாளம். அரை லிட்டர் கூடுதலாக இழுத்தால் உடல் அரை லிட்டர் கடல்நீரைக் கூடுதலாக விலக்குகிறது. அரைக்கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. விட்டால் இறங்குகிறது. ஆனால் உடனே நடக்காது, ஓரிரு நொடி தாமதித்து நடக்கும். அந்தத் தாமதத்துக்குப் பழகாதவர்கள் மேலும் கீழும் அல்லாடுவார்கள். மென்பொருள் நண்பர்கள் இருவரும் கைகளை வீசி வீசிச் சோர்ந்தார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, கால்களை மடக்கி, ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்கி, பிறகு ஒரு சாண், பிறகு நின்றாள்.

அவளுக்கு எதிரே, கான்கிரீட் கட்டையின் பொந்துக்கு வெளியே, பெரிய களவா ஒன்று அதேபோல் அந்தரத்தில் நின்றிருந்தது. துடுப்புகளில் லேசான அசைவு மட்டும். அதற்குக் கடிவாளம் காற்றுப்பை. கூறல் மீனில் எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, நம் மீனவர்கள் நெட்டி என்று சொல்வது, அந்த உறுப்புதான். மீன் அதற்குள் வாயுவை ரத்தத்திலிருந்து மெல்லச் சுரந்து நிரப்புகிறது, மெல்லத் திரும்ப உறிஞ்சுகிறது. மெல்ல என்பதுதான் நிபந்தனை. ஆழ்கடலில் தூண்டிலில் மாட்டிய களவாவைச் சரசரவென்று இழுத்தால் பை ஊதிப்பெருத்து, வயிறு வாய்வழியே பிதுங்கி வரும். மீன் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அந்த மீனுக்கு நேர்ந்ததும் பாயில் விதிதான். களவாவால் தன் பையைச் சட்டென்று காலிசெய்ய முடியாது. மனிதனால் முடியும், வாயைத் திறந்தால் போதும். சற்றுத் தள்ளிச் சீலாக் கூட்டமொன்று வெள்ளித் தகடுகளாகத் திரும்பி மறைந்தது.

கடைசிப் பயிற்சிக்குத்தான் நான் காத்திருந்தேன். சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, ஒன்பது மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் நீர்மட்டம் வரை நீந்தி ஏற வேண்டும். ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கும், ஆனால் அதிலிருந்து இழுக்கக் கூடாது. ஏறும் நேரம் முழுதும் "ஆ" என்று ஓசையெழுப்பிக்கொண்டே மூச்சை வெளியே விட வேண்டும். பயிற்சியாளர் பக்கத்திலேயே, ஒரு கையால் நங்கூரக் கயிற்றையும் மறுகையால் மாணவரின் பட்டையையும் பிடித்தபடி ஏறுவார்.

கேட்பதற்கு நடக்காத காரியம்போல் இருக்கும். கரையில் நின்று "ஆ" என்று இழுத்துப் பாருங்கள். சீக்கிரமே நெஞ்சு காலியாகிவிடும். ஒன்பது மீட்டர் ஏற, விரையாமல் போனால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஒன்பது மீட்டரில் நெஞ்சிலிருக்கும் ஐந்து லிட்டர், நீர்மட்டத்தில் ஒன்பதரை லிட்டர். விட விட, மிஞ்சியிருப்பது விரிந்து இடத்தை நிரப்பிக்கொண்டே வருகிறது. நேற்று அவளைக் கொன்றிருக்கக்கூடிய அதே விரிவுதான் இன்று அவளை மேலே கொண்டுபோகப் போகிறது.

அவள் முறை வந்தது. மேலே ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். வலது கையைத் தலைக்கு மேல் நீட்டி, கால்களை மெல்ல உதைத்தாள். நீரில் ஒலிக்குத் திசை கிடையாது என்று சொன்னேன். அவளது "ஆ" என் மண்டைக்குள் நான்கு பக்கமிருந்தும் கேட்டது. முதலில் மெல்லியதாக, நடுங்கி. ஆறு மீட்டரில், நேற்று குமிழிகள் நின்ற அதே ஆழத்தில், ஓசை இன்னும் வந்துகொண்டிருந்தது. மூன்று மீட்டரில் குமிழிகள் தடித்துச் சரமாகக் கொட்டின. நானும் பின்னாலேயே ஏறினேன்.

தலை வெளியே வந்தது. அவளது சிலிண்டர் காலி என்பதுதான் பாடத்தின் கற்பனை. எனவே ஜாக்கெட்டை நிரப்பும் பொத்தானை அழுத்தக் கூடாது, குழாயை வாயில் வைத்து ஊதித்தான் மிதக்க வேண்டும். அவள் குழாயைத் தேடியெடுத்து வாயில் வைத்தாள். நெஞ்சில் இன்னும் மூச்சு மிச்சமிருந்தது. அதை ஊதினாள். ஜாக்கெட் உப்பியது. படகின் விளிம்பிலிருந்து படகோட்டி குனிந்து அவளது ஃபின்களை வாங்கக் கை நீட்டினார்.